வீட்டில் புத்தகம் வைத்துப் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் குடவாசலுக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரில், வீட்டு ரேழியில் இருக்கும் அலமாரியிலிருந்து அக்கம்பக்கத்தாருக்குப் புத்தகங்களை இரவல் கொடுத்து வருகிறேன். புத்தகம் வாங்க வருகிறவர்கள் கதையைப் பற்றிக் கேட்பதைவிட, அதை வீட்டில் எப்போது படிப்பது, எங்கே வைப்பது, யார் என்ன சொல்வார்கள் என்றே அதிகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

வேலைக்கு நடுவுல படிக்க நேரம் எங்கேக்கா இருக்கு? விடியக்காலம் எழுந்தா ராத்திரி பாத்திரம் கழுவிக் கவுத்துற வரைக்கும் ஓட்டம்தான்.

நேரம் கிடைக்கும்போது படிக்கலாம் என்று எடுத்து வைத்த புத்தகம் பெரும்பாலும் படிக்கப்படுவதில்லை. ஒரு நாளில் எந்த வேலையும் உங்கள் கைக்காகக் காத்திராத பொழுது எது என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் அது பகல் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்கு முந்தைய பொழுதாக இருக்கும். வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு விளக்கு வைத்த பிறகுதான் அமையும். அரை மணி நேரமானாலும் தினமும் அதே பொழுதாக இருந்தால் வீடு அதற்குப் பழகிக்கொள்ளும்.

நம் பகுதியில் எல்லா மாதங்களையும் ஒன்றாக எண்ணவும் கூடாது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்துவிட்டால் குறுவை நடவு, பின்னாலேயே சம்பா, தாளடி, களையெடுப்பு என்று கார்த்திகை வரை மூச்சு விட முடியாது. அந்த மாதங்களில் ஒரே அமர்வில் முடிந்துவிடும் சிறுகதைகளும் கட்டுரைகளும் போதும். தை அறுவடை ஓய்ந்து, ஜனவரி 28-இல் அணையையும் மூடியபின், வயலில் உளுந்தும் பயறும் மட்டும் நிற்கும் மாசி தொடங்கி வைகாசி வரையில் தடித்த நாவல்களை எடுக்கலாம். எங்கள் அலமாரியில் பெரிய புத்தகங்கள் வெளியே போவதும் அந்த மாதங்களில்தான்.

பத்தாவதோட படிப்பு நின்னு போச்சு. இப்ப புத்தகத்தை எடுத்தா ரெண்டாம் பக்கத்துலயே தூக்கம் வருது. எதுல ஆரம்பிக்கிறது?

முதலில் படுத்துக்கொண்டு படிப்பதை நிறுத்துங்கள். அடுத்து, நாற்பது வயதைத் தாண்டியவராக இருந்தால் கண்ணைக் காட்டுங்கள். தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பது பல பேருக்கு வெள்ளெழுத்தாக இருக்கிறது. எழுத்தைப் பிடிக்கக் கண் படும் சிரமத்தில் தலை கனத்து இமை தானாக மூடிக்கொள்ளும். வாசிப்புக் கண்ணாடி போட்ட மறுவாரமே முழு நாவலை முடித்தவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

நூலைப் பொறுத்தவரை, உங்களுக்கு முன்பே தெரிந்த உலகத்தைப் பற்றியது எதுவோ அதில் தொடங்குங்கள். நாற்றங்கால், கோயில் திருவிழா, கூட்டுக்குடும்பம், கடை வியாபாரம் என்று பழகிய சூழலில் நடக்கும் கதையில் பாதி விளக்கம் உங்களிடமே இருப்பதால் வேகமாக நகரும். விருது பெற்றது என்பதற்காக ஒன்றை இழுத்துப் பிடித்துப் படிக்க வேண்டாம். ஐம்பது பக்கம் தாண்டியும் மனம் ஒட்டவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துப் போங்கள்; அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

அத்தைக்குக் கண்புரை. படிச்சுக் காட்டச் சொல்றாங்க. சத்தமாப் படிக்க எனக்குக் கூச்சமா இருக்கு.

நம் பாட்டிமார்களில் பலர் எழுத்தறியாமலேயே ஏராளமான கதை தெரிந்தவர்களாக இருந்ததற்குக் காரணம் இந்த வழக்கம்தான். வார இதழ் வந்த நாளில், படிக்கத் தெரிந்த ஒருவர் தொடர்கதையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டோ பூத் தொடுத்துக்கொண்டோ கேட்பார்கள். வாசிப்பவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினால், வாழைநாரைப் பல்லில் இழுத்துக் கிழித்தபடியே ஒருவர் "உம், அப்புறம்?" என்பார். முடிந்த தொடரின் பக்கங்களைச் சேர்த்துத் தைத்து பைண்டு செய்து, ஊர் முழுவதும் சுற்றுக்கு விடுவதும் நடந்தது.

கூச்சம் இரண்டு நாளில் போய்விடும். வர்ணனையைக் கொஞ்சம் வேகமாகவும் பேச்சுவரும் இடங்களை அந்தந்தப் பாத்திரத்தின் குரலுக்கு ஏற்பவும் வாசித்தால் போதும், நடிக்க வேண்டியதில்லை. கேட்பவர் இடையில் புகுந்து "எங்க பெரியப்பா வீட்டிலும் இப்படித்தான்" என்று தொடங்கினால் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு கேளுங்கள். வேறு எப்படிக் கேட்டாலும் அவர் சொல்லாத குடும்பச் செய்திகள் அப்போதுதான் வெளியே வரும்.

புள்ளைங்க கையில போனைத் தவிர வேற எதுவும் ஒட்டமாட்டேங்குது. என்ன பண்றது?

இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். வீட்டில் ஒரு பொழுதுக்குப் பெரியவர்களின் போன்களும் சேர்ந்து மாடத்தில் ஏறினால் ஒழிய, பிள்ளைகளிடம் மட்டும் பேசிப் பயனில்லை. நீங்கள் படிப்பதை அவர்கள் பார்க்க வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன அரை மணிக்கு அந்தப் பயனும் உண்டு.

புத்தகத்தைக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளை படிக்கவில்லை என்று வருந்துவதில் நியாயம் இல்லை. கூடத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், கிழிந்தாலும் பரவாயில்லை என்கிற நிலையில் வையுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத வயதிலேயே படித்துக் காட்டத் தொடங்கலாம். படக்கதையையும் விடுகதையையும் மட்டமாகப் பேச வேண்டாம். முக்கியமாக, படித்து முடித்ததும் "கதையைச் சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்திலேயே அவர்களுக்கு அது போதுமான அளவு நடக்கிறது.

கதைப் புத்தகம் படிச்சா மார்க்கு குறைஞ்சிடாதா?

பரீட்சைக்கு முந்தைய நாள் படித்தால் குறையும். மற்ற நாட்களில், வேகமாகப் படித்துப் பொருள் கொள்ளப் பழகிய பிள்ளைக்குப் பாடப் புத்தகமும் எளிதாகவே இருக்கும்.

புத்தகம் விக்கிற விலைக்கு நாங்க எங்கே வாங்குறது?

வாங்க வேண்டிய கட்டாயமே இல்லை. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கும். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. அதற்காகப் பாடுபட்ட எஸ். ஆர். இரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர், நம் பகுதிக்காரர். 1931-இல் அவர் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதே ஆண்டில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் நூலகம் ஒன்றும் தொடங்கியது. மாட்டுவண்டியில் வந்த புத்தகத்தை வாங்கிப் படித்த ஊர்க்காரர்கள் நாம். இன்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிளை நூலகத்துக்குப் போகத் தயங்குகிறோம்.

சிறு காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்டி உறுப்பினராகலாம். முகவரிச் சான்று எடுத்துப் போங்கள். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்த கையோடு போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். வேண்டிய நூல் இல்லாவிட்டால் நூலகரிடம் சொல்லி வையுங்கள். கேட்பார் இல்லாத நூலகத்துக்கு நல்ல புத்தகம் வருவதும் குறைந்துவிடும்.

எல்லாம் போன்லயே கிடைக்குதே, அலமாரி எதுக்கு?

பழைய நூல்களுக்குப் போன் மிகவும் உதவும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அச்சில் இல்லாத நூல்களும் இதழ்களும் படமெடுத்து இலவசமாக வைக்கப்பட்டிருக்கின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இலக்கியங்கள் எழுத்துவடிவில் கிடைக்கின்றன. பெரிய எழுத்தாக்கிப் படிக்கலாம் என்பது வெள்ளெழுத்துக்காரர்களுக்கு வசதி. ஆனால் போனில் உள்ள புத்தகம் அந்தப் போன்காரர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அலமாரியில் இருப்பது வீட்டுக்கு வரும் உறவினர் கண்ணிலும் படும். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை வந்தா புத்தகமெல்லாம் பூசணம் பூத்து, பூச்சி அரிச்சிடுது. எப்படிக் காப்பாத்துறது?

மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அடித்தட்டு தரையிலிருந்து ஒரு முழமாவது உயரத்தில் இருக்கட்டும். புத்தகங்களை விரல் நுழையாத அளவுக்கு நெருக்கி அடுக்கினால் காற்றுப் போகாது, பூசணம் அங்கேதான் முதலில் பிடிக்கும். மழை விட்டு வெறிச்ச நாளில் கதவைத் திறந்து மின்விசிறியைப் போட்டு விடுங்கள். உச்சி வெயிலில் பரப்பிக் காயவைப்பது தவறு. தாள் பழுத்து ஒடியத் தொடங்கும். தாழ்வாரத்து நிழலும் காற்றும் போதும். பூசணம் கண்டால் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வாசலுக்கு எடுத்துப் போய், காய்ந்தபின் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும்.

பூச்சிகளில் வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடுவது ஒன்று. அதற்கு அட்டையை ஒட்டிய மாவுப்பசைதான் தீனி. பழைய பைண்டிங் கடைக்காரர்கள் மைதாப் பசை காய்ச்சும்போது சிட்டிகை மயில்துத்தம் போடுவது இதற்காகத்தான். அடுத்தது கரையான், சுவரோரத்தில் மண் கோடு கண்ட அன்றே அலமாரியைக் காலி செய்து பாருங்கள், நாளைக்கு என்று தள்ளினால் நடுப்பக்கங்கள் இருக்காது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்குப் பயன்பட்டு வந்த முறை வீட்டுக்கும் ஏற்றது: வசம்பு, கிராம்பு, மிளகு, பட்டை, கருஞ்சீரகம் ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்து, துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாக வைப்பது. வாசனை போனதும் மாற்ற வேண்டும். வேப்பிலை வைப்பதானால் நிழலில் சருகாகக் காய்ந்ததை வையுங்கள். பச்சை இலை ஈரத்தைத்தான் கொண்டுவரும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அதன் நெடி சில குழந்தைகளின் இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

வெள்ளத்திலோ புயலிலோ முழுக்க நனைந்துவிட்டால், 2018 நவம்பரில் கஜா புயலின்போது ஓடு பறந்த வீடுகளில் நேர்ந்ததுபோல், பக்கங்களைப் பிரிக்க முயலக் கூடாது. நீர் வடியவிட்டு, புத்தகத்தைக் குத்துவாக்கில் நிறுத்தி, சற்றே விரித்து விசிறிக்கு எதிரில் வைத்து, இடையிடையே உறிஞ்சு தாளோ பழைய வேட்டித் துணியோ செருகி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வழவழப்பான தாளில் அச்சான படப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றை முதலில் கவனியுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் அது பழுப்பேறி எழுத்தையும் கெடுக்கும். மெல்லிய தாளும் மேலே சொன்ன பசையும் போதும்.

இரவல் கொடுத்தா திரும்பி வர்றதே இல்லை. கொடுக்காம இருந்துடலாமா?

ஒரு நோட்டுப் போடுங்கள். புத்தகத்தின் பெயர், வாங்கியவர், தேதி, இவ்வளவு போதும். வாங்குகிறவரையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. திருப்பிக் கேட்பதில் சங்கடப்பட வேண்டாம், கல்யாணத்துக்குக் கொடுத்த அண்டாவைக் கேட்டு வாங்குவதில்லையா? திரும்ப வராவிட்டால் மனம் உடைந்துபோகும் என்கிற புத்தகத்தை மட்டும் கொடுக்காதீர்கள். கொடுப்பதை, போனாலும் போகட்டும் என்று கொடுங்கள்.

சரஸ்வதி பூஜை அன்னிக்குப் படிக்கக் கூடாதாமே?

ஏட்டையும் புத்தகத்தையும் அடுக்கிப் பூஜையில் வைத்துவிட்டு, மறுநாள் விஜயதசமியன்று பிரித்துப் படிப்பது வழக்கம். பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் அன்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கக் கூட்டம் நெரியும். வழக்கத்தை மதிப்பவர்கள் படிக்க வேண்டிய ஒன்றைப் பூஜையில் வைக்காமல் வெளியே வைத்துக்கொள்கிறார்கள். நான் அந்த நாளை அலமாரியைத் தூசி தட்டப் பயன்படுத்திக்கொள்கிறேன். எப்படியும் எல்லாவற்றையும் இறக்குகிறோம்.

மாமனார் காலத்து அலமாரி ஒண்ணு இருக்கு. பழுத்துப்போன புத்தகம், ஓலைக்கட்டுகூட இருக்கு. எடைக்குப் போட்டுடலாமா?

ஓலைக்கட்டை மட்டும் தயவுசெய்து யாரிடமும் எடைக்குப் போடாதீர்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றிலும் விடாதீர்கள். அப்படி ஆற்றில் விட்ட சுவடிகளைப் பற்றி உ. வே. சாமிநாதையர் வருந்தி எழுதியிருக்கிறார். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டே வீடுவீடாகப் போய் ஏடு தேடியவர் அவர். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டதும் அந்தத் தேடலின் பயன்தான். உங்கள் பரணில் இருப்பது பெரும்பாலும் வைத்தியமாகவோ சோதிடமாகவோ நிலக்கணக்காகவோ இருக்கலாம். அதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் படிக்கத் தெரிந்தவர்கள். தஞ்சாவூரில் சரசுவதி மகால் நூலகமும், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையும் இருக்கின்றன. கட்டை அவிழ்க்காமல், எண்ணெய் எதுவும் தடவாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அச்சுப் புத்தகங்களில் ஓரக்குறிப்பு, கையெழுத்து, செருகி வைத்த கடிதம் உள்ளவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். நோட்ஸ், காலாவதியான வழிகாட்டிகள், கரையான் தின்றது போக மிஞ்சியவை இவற்றை எடைக்குப் போடுவதில் பாவம் ஒன்றும் இல்லை. புத்தகம் என்றாலே கும்பிட்டுப் பூட்டி வைப்பதும் ஒரு வகையில் அதை வீணாக்குவதுதான் என்பது என் கருத்து.

நான் புத்தகத்தோட உக்காந்தா, "வேலை ஒண்ணும் இல்லையா?"ன்னு கேக்குறாங்க. என்னக்கா பதில் சொல்றது?

காலையில் திண்ணையில் காப்பித் தம்ளரோடு செய்தித்தாளை மணிக்கணக்கில் விரித்து வைத்திருக்கும் ஆணிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் முழுமையானது அல்ல என்பதும் இங்கேதான் தெரியும். பொழுது இருந்தாலும், அதில் பெண் உட்கார்ந்திருப்பதைப் பொறுக்காத கண்கள் வீட்டில் இருந்தால் படிக்க முடியாது. அத்தைக்கு வாசித்துக் காட்டத் தொடங்கிய பிறகு அந்த அத்தையே "அவளைக் கூப்பிடாதே, கதை பாதியில் நிற்கிறது" என்று மகனைத் தடுத்த வீடுகள் உண்டு. ஆனால் அது இன்னொருவருக்குப் பணிவிடை என்ற பெயரில் கிடைத்த நேரம். உங்களுக்கென்று கிடைத்தது ஆகாது.

ஆகவே வேலையைப் பங்கு போடுவதைப் பற்றி நேராகப் பேசுவதே மேல். சாயங்காலக் காப்பியை யார் போடுவது, கடைக்கு யார் போவது, பிள்ளையை டியூஷனிலிருந்து யார் அழைத்து வருவது என்று பெயர் சொல்லிப் பேசுங்கள்; "எனக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஒளித்துப் படிக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் அரிசிப் பானைக்குப் பின்னால் புத்தகம் வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். அங்கே போகும் புத்தகங்களின் தேதியை நான் கேட்பதில்லை.

பொண்ணு படிக்கிற நாவலைப் புரட்டிப் பார்த்தேன். காதல், சாதி, வீட்டை விட்டுப் போறதுன்னு இருக்கு. பிடுங்கி வச்சிடட்டுமா?

பதினொரு வயதுப் பெண் என்றால், அந்த வயதுக்கு ஏற்றதா என்று பார்த்து, இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்று சொல்லலாம். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதினேழு வயது என்றால் பிடுங்குவதில் பயனில்லை. அவள் அதைப் போனில் படிப்பாள், உங்களிடம் மட்டும் பேசமாட்டாள். வீட்டை விட்டுப் போவதெல்லாம் இந்தக் காலத்து எழுத்தாளர்கள் கிளப்பிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சங்க இலக்கியத்தில் உடன்போக்கு தனித் துறையாகவே இருக்கிறது. போன மகளை நினைத்துச் செவிலியும் நற்றாயும் புலம்பும் பாடல்களைத்தான் நாம் செம்மொழிச் செல்வம் என்று கொண்டாடுகிறோம்.

அந்த நாவலை நீங்களும் படித்துவிட்டு, "அவள் அப்படிப் போனது சரியா?" என்று கேளுங்கள். உபதேசம் செய்வதற்காகக் கேட்டால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும். உண்மையிலேயே அவள் என்ன நினைக்கிறாள் என்று அறியக் கேளுங்கள். இந்தக் கேள்வியோடு வருகிற தாய்மார்களுக்குப் பெரும்பாலும் நாவலைப் பற்றிக் கவலை இருப்பதில்லை. சொந்தத்தில் பேசி வைத்திருக்கும் வரனைப் பற்றித்தான் கவலை. அதை அவளிடம் தனியாகப் பேச வேண்டும், புத்தகத்தின் தலையில் போட வேண்டாம்.

பாகம் பிரிக்கிறோம். நிலம், வீடு, பாத்திரம் எல்லாம் பிரிச்சாச்சு. அப்பாவோட புத்தகத்தை எப்படிப் பிரிக்கிறது?

எடை போட்டோ எண்ணிக்கை பார்த்தோ சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். ஐந்து பாகம் கொண்ட ஒரு நூலின் மூன்று பாகம் அண்ணன் வீட்டிலும் இரண்டு பாகம் தம்பி வீட்டிலும் போய்க் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வீட்டிலும் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. முதலில் எல்லாவற்றையும் இறக்கி, பெயர்ப் பட்டியல் ஒன்று எழுதுங்கள். இரவல் நோட்டு இருந்தால் அதையும் பாருங்கள், வெளியே இருப்பவையும் சொத்தில் சேர்ந்தவைதான். ஓலைக்கட்டையும் கடிதம் செருகியவற்றையும் முன்பு சொன்னபடி தனியே வையுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தாங்கள் படிக்கப் போகிற புத்தகத்தின் எதிரில் தங்கள் பெயரை எழுதட்டும். பாகத்துக்கு வராத சகோதரிகளையும் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். பல வீடுகளில் அந்த அலமாரியை அதிகம் படித்தவர்கள் அவர்கள்தான், சட்டப்படி அவர்களுக்கும் பங்கு உண்டு.

ஒரே நூலுக்கு இரண்டு பெயர் விழுந்தால் சீட்டுக் குலுக்கலாம், அல்லது இப்போதும் அச்சில் இருந்தால் இன்னொரு பிரதி வாங்கிவிடலாம். யார் பெயரும் விழாதவற்றைக் கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கரையான் பிடித்தவற்றை அவர்கள் வாங்கமாட்டார்கள். அலமாரி தேக்கு என்றால் அதற்குத்தான் சண்டை வரும். அதைப் புத்தகத்தோடு சேர்த்துப் பேசாமல், பாத்திரம் பிரித்த நாளிலேயே பேசி முடித்திருப்பது நல்லது.